சுவரோரம் சாய்த்து வைத்த ஷீட்

ராயபுரத்தில் எங்கள் வீடு இரண்டாவது மாடி. மே மாத மதியத்தில் அந்தக் கூடத்து மின்விசிறி சூட்டை அள்ளித் தலையில் கொட்டுமே தவிர காற்று தராது. அப்படி ஒரு சனிக்கிழமை மதியம், என் தம்பி சேவியர் சாப்பாட்டு மேசைமேல் குனிந்து, தன் பழைய துறைமுக அனுமதி அட்டையை அக்ரிலிக் ஷீட்டுக்கும் அதன் அடியிலிருந்த பலகைக்கும் நடுவே தள்ளினான்.

அட்டை முழுசாக உள்ளே போய்விட்டது.

போகக் கூடாது. ஷீட் பலகையோடு ஒட்டிப் படுத்திருக்க வேண்டும். ஆனால் அது நடுவில் உப்பி நின்றது. கண்ணுக்குச் சட்டென்று தெரியாது. விரலால் அழுத்தினால் ‘டொக்’கென்று கீழே போகும், எடுத்தால் மறுபடி எழும்பும்.

வீடியோ கேம் கடைகளில் ஒரு குச்சியும் நாலைந்து வண்ணப் பட்டன்களும் வைத்த பெட்டி இருக்குமே, அதைத்தான் சேவி வீட்டிலேயே செய்துகொண்டிருந்தான். ப்ளைவுட் பெட்டி. அதன்மேல் அச்சடித்த படத்தாள். தாள் நனையாமல், கிழியாமல் இருக்க மேலே கண்ணாடி மாதிரி ஓர் அக்ரிலிக் ஷீட். எல்லாவற்றையும் துளைத்துக்கொண்டு பட்டன்கள். ஷீட் எழும்பினால் பட்டன் கோணலாகும். கோணலான பட்டன் அழுத்தியதும் உள்ளேயே சிக்கிக்கொள்ளும்.

வியாழக்கிழமை முதல் தடவை எழும்பியது. வெள்ளிக்கிழமை எல்லாத் திருகுகளையும் கழற்றி, ஓட்டைகளை அரத்தால் ராவி, மறுபடி பொருத்தினான். சனிக்கிழமை மதியம் மறுபடி அதே கதை.

அவன் தன் வலது கையைத் திருப்பிப் பார்த்தான்.

“கையிதான்க்கா. ஓட்டைய நேராப் போடல நானு. ரெண்டு வெரல வெச்சிகினு ட்ரில்லு புடிச்சா இப்டித்தான் கோணிகினு நிக்கும்.”

நான் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். மோர் சாதம், பொரித்த வஞ்சிரம். மீனின் முள்ளை எடுத்து ஓரமாக வைத்தேன்.

கை காரணம் இல்லை. அது எனக்கு வியாழக்கிழமையே தெரியும்.

கை

நான் வாராவாரம் எழுதும் இந்தத் தொடரில் சேவியைப் பற்றி இதுவரை இரண்டு வரிக்கு மேல் எழுதியதில்லை. எழுதினால் இப்போது சொல்லப்போகும் விஷயத்தை எழுத வேண்டிவரும் என்று தள்ளிக்கொண்டே வந்தேன்.

அவன் துறைமுகத்தில் லாஷிங் வேலை பார்த்தான். கப்பலில் அடுக்கும் கன்டெய்னர்கள் கடலில் சரியாமல் இருக்க, நீள இரும்புக் கம்பிகளால் இழுத்து இறுக்கும் வேலை. ஒரு நாள் மழைத் தூறலில் கம்பி வழுக்கியது. நடுவிரலில் பாதி, மோதிர விரல், சுண்டு விரல் போய்விட்டன. கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் மட்டும் முழுசாக மிச்சம்.

ஒன்றரை வருடம் அவன் வீட்டைவிட்டு இறங்கவில்லை என்றே சொல்லலாம். ஆஸ்பத்திரிக்கு மட்டும் போவான். அதுவும் கையின்மேல் ஒரு துண்டைச் சுற்றிக்கொண்டு. ஞாயிற்றுக்கிழமை தேவாலயப் பூசைக்கு வந்தாலும், பாதிரியார் தரும் அப்பமான நன்மையை வாங்க வரிசையில் நிற்க மாட்டான். நன்மைக்குக் கையை ஏந்த வேண்டுமே. கடைசி பெஞ்சில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருப்பான்.

வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். அவனாகப் பேசினால் உண்டு. நானாகப் பேசினால் “உம்” என்பான்.

ஆஸ்பத்திரியில் கை வார்டின் பிசியோ நிர்மலா மேடம் அவனிடம் ரப்பர் பந்தைக் கொடுத்து அமுக்கச் சொல்வார். களிமண்ணை உருட்டச் சொல்வார். செய்ய மாட்டான். ஒரு நாள் பெஞ்சில் காத்திருக்கும்போது, துண்டுக்குள் ஆள்காட்டி விரல் தட்டிக்கொண்டே இருப்பதை அவர் கவனித்துவிட்டார்.

“என்ன தட்டறீங்க சேவியர்?”

“ஒண்ணுமில்ல மேடம். சின்ன வயசுல வீடியோ கேம் ஆடுவேன். அந்தப் பழக்கம்.”

“இந்தக் கையால ஆட முடியுமா?”

“பட்டனு இருக்கற எடம் மாறணும். மாறுச்சுன்னா ஆடலாம்.”

மேடம் ஒரு தாளையும் பேனாவையும் நகர்த்தி வைத்தாராம். இடது கையால் கோணல்மாணலாக வரைந்து கொடுத்திருக்கிறான். கட்டை விரலுக்குக் கீழே இரண்டு பெரிய பட்டன், ஆள்காட்டி விரலுக்கு மேலே சாய்வாக இரண்டு. அதைப் பார்த்து மேடம் சொன்னதை அவன் வீட்டுக்கு வந்து அப்படியே ஒப்பித்தான். ஒன்றரை வருடத்தில் அவனாக வந்து சொன்ன முதல் விஷயம் அது.

“இங்க வர்ற பாதிப் பேர் பந்து புடிக்கச் சொன்னா மறுநாள் வர்றதில்ல. நீங்க இதைச் செஞ்சு கொண்டு வாங்க. பெரிய டாக்டரையும் கூப்பிடறேன். சரியா வந்தா வார்டுலயே வெச்சுக்கலாம், நீங்களே வந்து சொல்லிக் கொடுக்கலாம்.”

ஒரு நிபந்தனையும் போட்டார். தையல் ஆறாத கைகளெல்லாம் அதன்மேல் படும். மேல்பரப்பு மட்டமாக, சோப்புத் தண்ணீரால் துடைக்கிற மாதிரி இருக்க வேண்டும். பிசிறு, விரிசல் எதுவும் கூடாது.

திங்கட்கிழமை காலை பத்து மணி என்று நாள் குறித்தாகிவிட்டது.

காசிமேடு முக்கில் ஐந்து மெஷின்

சேவிக்குப் பத்துப் பன்னிரண்டு வயதிருக்கும்போது, காசிமேடு போகிற வழியில் ஒரு முக்கில் வீடியோ கேம் கடை இருந்தது. வாசலில் பச்சைத் திரை. உள்ளே ஐந்து மெஷின், பீடி நாற்றம், ஐஸ் பெட்டி தூக்கிக் களைத்து வந்த ஆட்களின் மீன் வாடை. அம்மா என்னைத்தான் அனுப்புவாள், தம்பியை இழுத்துவர.

நான் திரையை விலக்கிக் கூப்பிட்டால் அவன் திரும்ப மாட்டான். முதுகு மட்டும் தெரியும். தோள் அசையாது, முழங்கை அசையாது. வலது கையின் விரல்கள் மட்டும் தண்ணீரில் சொட்டு விழுகிற மாதிரி பட்டன்கள்மேல் விழும். பெரிய ஆட்கள் பின்னால் நின்று பார்ப்பார்கள். “டேய், ராயபுரத்தான் கைய பாருடா” என்பார்கள்.

வீடு வரைக்கும் அவனைத் திட்டிக்கொண்டே வருவேன். உள்ளுக்குள் எனக்கும் பெருமைதான். அதை அவனிடம் சொன்னதில்லை. சொல்ல வேண்டியதை உரிய நேரத்தில் சொல்லாமல் விடுவது எனக்கு அன்றிலிருந்தே வந்த குணம் போலிருக்கிறது.

நான் எடுத்த ஷீட்

நான் திருவொற்றியூரில் ஒரு பெயர்ப்பலகைக் கடையில் வேலை பார்க்கிறேன். அந்தக் கடையில் சேர்ந்த கதையைச் சில வாரங்களுக்கு முன்பு எழுதியிருந்தேன். அக்ரிலிக் எனக்குப் புதுசில்லை. ஷீட்டைப் படுக்க வைக்க வேண்டும், சுவரில் சாய்த்தால் வளையும், ஒரு பக்கம் வெயில் பட்டால் இன்னும் வளையும் என்பதெல்லாம் முதல் மாதமே கற்றுக்கொண்டது.

எங்கள் கடையின் பின்கட்டில் தகரச் சுவர். போன கோடையில் யாரோ இரண்டு கிளியர் ஷீட்டுகளை அதில் சாய்த்து வைத்து மறந்துவிட்டார்கள். எல்லாருக்கும் தெரியும், அவை எதற்கும் உதவா என்று.

சேவி ஷீட் கேட்டபோது, முதலாளி சேகர் அண்ணனிடம் போய் “என் தம்பிக்கு ஒரு நல்ல ஷீட் வேண்டும்” என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அவர் நல்ல மனிதர். மறுத்திருக்க மாட்டார். ஆனால் எதற்கு என்று கேட்பார், கை எப்படியிருக்கிறது என்று கேட்பார், உச்சுக் கொட்டுவார். அதற்குக் கூசி, வீட்டுக்கு இரண்டு ஷீட் எடுத்துக்கொள்கிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு, சுவரோரம் இருந்த இரண்டையும் எடுத்து, அளவுக்கு வெட்டி, காகிதம் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தேன். ஒன்று வேலைக்கு, ஒன்று உபரிக்கு.

கூச்சம் என்று மேலே எழுதினேன். அது பாதி உண்மைதான். மீதிப் பாதியை எழுதக் கை வரவில்லை, இருந்தாலும் எழுதுகிறேன். அவன் இதைச் செய்து முடிப்பான் என்று நான் நம்பவில்லை. நாலு நாள் தட்டிக்கொட்டிவிட்டுக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடுவான், அதற்கு இந்த ஷீட் போதும் என்று நினைத்தேன்.

அவன் தள்ளவில்லை. இடது கையால் ரம்பம் பிடித்துப் பெட்டி அறுத்தான். நாலு தடவை தப்பாக அறுத்து ஐந்தாவது தடவை சரியாக அறுத்தான். படத்தாளில் இரண்டு விரல் கையின் நிழலை அவனே வரைந்து அச்சடித்து வாங்கி வந்தான். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒவ்வொரு நாளும் சொல்வது இன்னும் கொஞ்சம் கடினமாகிக்கொண்டே போனது.

‘டிக்’

அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் அவன் பொறுமை போய்விட்டது. எழும்பி நிற்கிற ஷீட்டைத் திருகாலேயே அடக்கிவிடலாம் என்று ஓரத் திருகுகளை இறுக்கத் தொடங்கினான். எனக்குத் தெரியும், அப்படிச் செய்யக் கூடாது என்று.

“சேவி, போதும்டா, ரொம்ப முடுக்காதே.”

“இன்னும் அரைச் சுத்துக்கா. படுத்துரும்.”

‘டிக்.’

சின்னச் சத்தம். நகம் கடிக்கிற அளவுக்குத்தான். திருகின் ஓட்டையிலிருந்து ஒரு வெள்ளை முடி மாதிரி விரிசல் கிளம்பிப் பட்டன் ஓட்டைவரை ஓடி நின்றது.

அவன் ஸ்க்ரூ டிரைவரை மெதுவாகக் கீழே வைத்தான். எறிந்திருந்தால்கூட எனக்குத் தேவலையாக இருந்திருக்கும். கட்டிலடியிலிருந்து உபரி ஷீட்டை எடுத்துக் காகிதத்தைப் பிரித்து மேசைமேல் வைத்தான். அதுவும் அதே மாதிரி நடுவில் எழும்பி, இரண்டு முனைகளில் மட்டும் நின்று ஆடியது. அதையும் தன் கைதான் கெடுத்தது என்பதுபோல வலது கையைப் பார்த்தான். அப்புறம் போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டான்.

“மேடத்துக்கு ஃபோன் போட்டு வரலன்னு சொல்லிருக்கா.”

“நாளைக்கு ஒரு நாள் இருக்குல்ல?”

“நாளைக்கு ஞாயித்துக்கெழம. பாரிஸ் கார்னர்ல ஒரு கட கூடத் தொறக்காது.”

சேகர் அண்ணன் சொன்னது

ஞாயிறு காலைப் பூசைக்குப் போகவில்லை. ஷேர் ஆட்டோவில் திருவொற்றியூர் போனேன். வழி முழுக்க ட்ரெய்லர் லாரிகள் வரிசைகட்டி நின்றன. மணலி ஆலைகள் பக்கமிருந்து அழுகிய முட்டை வாடை. சேகர் அண்ணன் வீடு கடைக்கு மேலேயே. லுங்கியோடு இறங்கிவந்து ஷட்டரைத் தூக்கினார்.

கடையில் ஒரு கிளியர் ஷீட்கூட இல்லை. இருந்ததெல்லாம் எழுத்து வெட்டுகிற மெல்லிய கலர் ஷீட்.

“இது மேல கையை வெச்சு அடிச்சா நொறுங்கிடும்மா. கிளியர் செவ்வாக்கெழமதான் வரும். ஏற்கெனவே ரெண்டு எடுத்துட்டுப் போனியே, அது?”

“வளைஞ்சிருக்கு.”

“தகரத்தாண்ட கெடந்ததா? அதையா தம்பிக்குக் கொடுத்தே?”

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் கேட்டதே போதும். பிறகு வளைவை எடுக்க வழி சொன்னார்.

“மட்டமான ரெண்டு டைல்ஸுக்கு நடுவுல வெச்சு, மேல பாரம் ஏத்தி, சூட்டுல வை. கொதிக்கிற தண்ணி சூடு போதும். அதுக்கு மேல போச்சுன்னா உள்ள முட்டை முட்டையா குமிழி வந்துரும், அப்புறம் குப்பைதான். தானா ஆறுற வரைக்கும் பிரிக்கவே பிரிக்காதே. இன்னொண்ணு, திருகு மூணு எம்எம்னா ஓட்டை அஞ்சு போடச் சொல்லு. வெயில்ல ஷீட்டு நீளும். நீள எடம் இல்லன்னா மறுபடி எழும்பும்.”

“அவ்வளவு பெரிய அடுப்புக்கு எங்க போறது அண்ணே?”

“உங்க ராயபுரத்துல பேக்கரிக்கா பஞ்சம்?”

இப்ராஹிம் பாயின் அடுப்பு

எங்கள் தெருக்கோடியில் இப்ராஹிம் பாயின் பேக்கரி. விறகு எரிக்கிற பழைய செங்கல் அடுப்பு. விடியற்காலை ரொட்டி போட்டு முடித்தால் மதியம் சும்மா கிடக்கும், சூடு மட்டும் உள்ளே தங்கியிருக்கும். சாயங்கால பன்னுக்கு மூன்று மணிக்கு மறுபடி நெருப்பு வைப்பார்.

“பிளாஸ்டிக்கா? என் அடுப்புலியா?” பாய் இரண்டு கையையும் தூக்கிவிட்டார். “நாளைக்கு பன்னுல நாத்தம் வந்தா ஒரு ஜனம் என் கடைய ஏறிட்டுப் பாக்காதும்மா.”

“எரிக்கப் போறதில்ல பாய். வெதுவெதுன்னு இருந்தா போதும். நாத்தம் வந்தா அந்த நிமிஷமே வெளிய எடுத்துடறேன். திங்கக்கெழம ஆஸ்பத்திரிக்குப் போகணும்.”

அவர் என் பின்னால் பார்த்தார். சேகர் அண்ணன் சொன்ன வழியைக் கேட்டதும் படுக்கையைவிட்டு எழுந்த சேவி, பக்கத்து வீட்டுக்காரரின் கட்டட வேலையில் மிஞ்சிய இரண்டு பெரிய தரை டைல்ஸை இடது கையாலும் வலது முழங்கையாலும் அணைத்துத் தூக்கிக்கொண்டு வந்து நின்றான். கையில் துண்டு சுற்றியிருந்தது.

“மூணு மணிக்கு எனக்கு அடுப்பு வேணும்” என்றார் பாய். “அதுக்கு மேல ஒரு நிமிஷம் கெடையாது.”

சூடு எவ்வளவு என்று பார்க்க, கொரோனா காலத்தில் நெற்றியில் காட்டுவார்களே, அந்தக் காய்ச்சல் பார்க்கும் துப்பாக்கியை எங்கள் தேவாலயத்தில் கேட்டு வாங்கிக்கொண்டு போயிருந்தேன். அடுப்பைக் காட்டியதும் அது ஏதோ இரண்டு எழுத்தைக் காட்டிக் கூவிவிட்டு அணைந்தது. பாய் சிரித்துவிட்டு, தன் கையை அடுப்புக்குள் விட்டார்.

“ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு…” வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். “நாலு எண்ற வரைக்கும் கை தாங்குனா அது பன்னு சூடு. நீ சொல்ற சூட்டுக்குப் பத்து வரைக்கும் தாங்கணும்.”

சூடு தணியக் கதவைத் திறந்து போட்டுக் காத்திருந்தோம். பாய் டைல்ஸின் மேல் பட்டர் பேப்பர் விரித்து, ஷீட்டை வைத்து, மேலே இன்னொரு பேப்பர், இன்னொரு டைல் என்று அடுக்கினார். அரை மணி கழித்து மாவு மூட்டை இறக்க ஆள் வந்ததால் அவர் முன்பக்கம் போனார். சேவியின் இடது கை டைல்ஸ் நழுவாமல் பிடித்திருந்தது. அவன் பல்லால் துண்டைப் பிடித்து இழுத்து உதறிவிட்டு, வலது கையை அடுப்புக்குள் நீட்டினான்.

அந்தக் கையில் சூடு பட்டால் உயிர் போகும் என்று எனக்குத் தெரியும். வெந்நீர்கூடத் தாங்காது.

“சேவி, வேணாம்டா.”

“…ஆறு, ஏழு, எட்டு, ஒம்போது, பத்து.” கண்ணில் நீர் கட்டியிருந்தது. “செரியா கீது. உள்ள வை.”

மேலே நாலு செங்கல்லை ஏற்றி உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினோம். மணி ஒன்று.

கேள்வி

பாய் திரும்பிவந்து, சேவிக்கு ஒரு டீயை நீட்டினார்.

“எப்டி நைனா வளைஞ்சுது அது?”

“கையி செரியில்ல பாய். ஓட்டை கோணலாப் போச்சு.”

பாய் யோசித்தார். “நான்தானே அடுக்குனேன்? உள்ள போன ஷீட்டுல ஓட்டையே இல்லியே. ஓட்டை போடாத ஷீட்டு உன் கையால எப்டி வளையும்?”

சேவி டீயை வாயருகே கொண்டுபோனவன் அப்படியே நின்றான். அடுப்புக் கதவைப் பார்த்தான். அப்புறம் என்னைப் பார்த்தான்.

பொய் சொல்ல நேரம் இருந்தது. வீட்டு வெயிலில் வளைந்தது என்று சொல்லியிருக்கலாம், நம்பியிருப்பான். என் வாயில் அது வரவில்லை.

“கொண்டாறும்போதே வளைஞ்சிருந்துச்சு சேவி. ரெண்டுமே.”

“உனுக்கு எப்போ தெர்யும்?”

“எடுக்கும்போதே.”

டீ டம்ளரை மாவு மூட்டைமேல் வைத்தான். அவன் குரல் உயரவே இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

“வெள்ளிக்கெழம சொல்லியிருந்தா பாரிஸ் போயி புது ஷீட்டு வாங்கியாந்திருப்பேன்ல?”

“ஆமா.”

“மூணு நாளு. மூணு நாளா நான் இந்தக் கையத் திட்டிகினு கீறேன். நீ எதுருல குந்திகினு சோறு துன்னுகினு இருந்தியா?”

நான் அடுப்புக் கதவை இன்னொரு முறை அழுத்திச் சாத்தினேன்.

“இன்னாத்துக்குக்கா?”

“நீ முடிப்பேன்னு நான் நெனைக்கலடா.”

பாய் சட்டென்று முன்பக்கம் போய்விட்டார். சேவியின் முகத்தில் கோபம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. சின்ன வயதில் பச்சைத் திரையை விலக்கும்போது பார்த்த அதே முதுகைத் திருப்பிக்கொண்டு வெளியே நடந்தான். துண்டு மூட்டைமேலேயே கிடந்தது.

ஓடிப்போய்ப் பிடிக்கலாம் என்று இரண்டடி வைத்தேன். அடுப்புக்குள் ஷீட் இருந்தது. அவனிடம் மிச்சமிருந்த ஒரே ஷீட். நின்றுவிட்டேன்.

ஒன்றரை, இரண்டு, இரண்டரை. கதவிடுக்கில் மூக்கை வைத்து மோந்து மோந்து பார்த்தேன். ரொட்டிச் சாம்பல் வாசனை மட்டும்தான். மூன்றுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது பாய் விறகோடு வந்தார். அவர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். கோணிப்பையைக் கையில் சுற்றிக்கொண்டு டைல்ஸை அசையாமல் இழுத்து இறக்கினோம். என் பக்கம் ஒரு முறை வழுக்கியது. “யா அல்லா” என்று பாய் முட்டியைக் கொடுத்துத் தாங்கினார். முட்டியில் சுட்டுவிட்டது. அதைத் தேய்த்துக்கொண்டே விறகை அடுக்கப் போனார்.

காலி மாவுச் சாக்குகளைப் போர்த்தி மூலையில் வைத்துவிட்டு, அதன் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்தேன். பிரித்துப் பார்க்கக் கை பரபரத்தது. பிரிக்கவில்லை. ஆறு மணிக்குத் தொட்டுப் பார்த்தேன், டைல் குளிர்ந்திருந்தது. திறந்தேன்.

ஒரு மூலையில் பட்டர் பேப்பரின் சுருக்கம் லேசாகப் பதிந்திருந்தது. மற்றபடி குளத்துத் தண்ணீர் மாதிரி மட்டமாகக் கிடந்தது.

பேசாத, புடி

வீட்டுக்கு வந்தபோது சேவி மேசையில் உட்கார்ந்திருந்தான். எதிரே ஒரு புது ட்ரில் பிட். காசிமேட்டில் படகு பழுது பார்க்கிற பட்டறை வரைக்கும் நடந்துபோய்க் கடன் வாங்கி வந்திருக்கிறான். ஐந்து எம்எம். காலையில் நான் சொன்ன சேகர் அண்ணன் பேச்சை மறக்கவில்லை.

ஷீட்டை மேசைமேல் வைத்தேன். நான்கு மூலையையும் தட்டிப் பார்த்தான். ஆடவில்லை.

“சேவி, நான்…”

“பேசாத. புடி.”

பிடித்தேன். அவன் ட்ரில்லை இடது கையில் எடுத்து, வலது கையின் கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் பிட்டுக்குப் பக்கத்தில் கொடுத்து வழிகாட்டினான். ஆறு திருகு ஓட்டை, பிறகு பெரிய பிட்டுக்கு மாற்றி நாலு பட்டன் ஓட்டை, குச்சிக்கு ஒன்று. ஒவ்வொன்றும் மறுபக்கம் இறங்குகிற கடைசி நொடியில்தான் ஷீட் உடையும். அந்த நொடி வரும்போதெல்லாம் நான் மூச்சை நிறுத்தினேன், அவனும் நிறுத்தினான். ஏழாவது ஓட்டையில் ட்ரில் ஒரு துள்ளல் துள்ளியது. இருவரும் குனிந்து பார்த்தோம். பிசிறு மட்டும்தான். ஊதிவிட்டு அடுத்ததற்குப் போனான்.

முடியும்போது விளக்கு போட வேண்டியிருந்தது. அவன் ஷீட்டைப் பெட்டிமேல் திருகிப் பட்டன்களைப் பொருத்தினான். சாப்பிடாமல் படுத்துவிட்டான்.

திங்கட்கிழமை

வார்டு டிவியோடு சேவி பெட்டியை இணைத்தபோது ஏழெட்டுப் பேர் பெஞ்சில் இருந்தார்கள். பெரிய டாக்டர் வந்ததும் முதல் காரியமாகக் கட்டை விரலை ஷீட்டின் நடுவில் வைத்து அழுத்தினார். ‘டொக்’கென்ற சத்தத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். வரவில்லை. மறுபடி அழுத்திவிட்டுத் தலையை ஆட்டினார்.

நிர்மலா மேடம், யாராவது விளையாடிப் பார்க்க வாருங்கள் என்றார். யாரும் எழவில்லை. மணலி பக்கம் ஒரு கம்பெனியில் பிரஸ் மெஷினில் கை நசுங்கிய லோகு என்ற பெண், முந்தானைக்குள் கையை இன்னும் உள்ளே இழுத்துக்கொண்டாள்.

சேவி அவள் எதிரே போய், பெட்டியை மடியளவு உயரத்துக்குத் தாழ்த்தி, தன் வலது கையை வெறுமனே பட்டன்கள்மேல் வைத்தான்.

“இன்னாம்மா, என் கைய வுடவா கலீஜா கீது உன்னுது? எட்த்து வை.”

அவள் சிரித்துவிட்டாள். முந்தானை விலகியது. முதல் தடவை அழுத்தியதும் திரையில் ஒரு குட்டிப் படகு எகிறிக் குதித்தது. அவள் “ஐயோ” என்று கையை எடுத்தாள். மறுபடி வைத்தாள். அதற்குள் பெஞ்சிலிருந்து இரண்டு பேர் எழுந்து வந்து பின்னால் நின்றார்கள்.

அந்த ஹாலில் ஏசி இல்லை. பன்னிரண்டு மணி வரைக்கும் நான் விளையாட்டைப் பார்க்கவில்லை, ஷீட்டின் ஓரங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். எழும்பவில்லை.

“இதெல்லாம் நீங்களேவா செஞ்சீங்க?” என்று பெரிய டாக்டர் கேட்டார்.

“பொட்டி நானு. ஷீட்டு எங்கக்கா கடையிது” என்றான் சேவி. ஒரு கணம் நிறுத்தினான். அந்த ஒரு கணத்தில் அவன் என்ன வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். என்னைப் பார்த்துவிட்டு, லோகுவின் பக்கம் திரும்பிக்கொண்டான்.

அப்புறம்

பெட்டி வார்டிலேயே தங்கிவிட்டது. சேவி வாரத்தில் இரண்டு நாள் போகிறான். இன்னும் இரண்டு பெட்டி கேட்டார்கள், ஒன்று இடது கை பாதிக்கப்பட்டவர்களுக்கு.

அடுத்த வாரம் நான் கடையில் அக்ரிலிக் எழுத்துகள்மேல் ஒட்டிய காகிதத்தை உரித்துக்கொண்டிருந்தபோது ஒரு ஷேர் ஆட்டோ நின்றது. சேவி இறங்கினான். தனியாக வந்திருந்தான். நான் பரபரவென்று எழுந்து, புதுசாக வந்த கிளியர் ஷீட் அடுக்கின் பக்கம் போனேன்.

“நீ வுடுக்கா. நானே பாத்து எட்த்துக்கறேன்.”

சேகர் அண்ணன் ஆறு ஷீட்டை எடுத்துப் போட்டார். ஒவ்வொன்றாகத் தூக்கி, கண்ணுக்கு நேரே பிடித்து, ஓரம் வழியே பார்த்தான். நாலாவதை எடுத்துக்கொண்டான்.

இன்றைக்கும் அப்படித்தான். நாங்கள் பேசுகிறோம், சிரிக்கிறோம், சண்டை போடுகிறோம். அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி மட்டும் பேசியதில்லை. ஷீட்டை அவன் என்னிடம் கேட்பதில்லை. அவன் ஒன்றைத் தூக்கி வெளிச்சத்தில் பிடிக்கும்போதெல்லாம், நான் கையிலிருக்கிற வேலையை நிறுத்திவிட்டு, அவன் என்ன சொல்லப்போகிறான் என்று காத்திருக்கிறேன்.